முட்டிதானே, ஏன் இன்னும் வரவில்லை? ரக்பி வீரரின் காயக் கணக்கு, புதிதாகப் பார்ப்பவர்களுக்கு

பாண்டிச்சேரியில் ரக்பி பார்ப்பவர்கள் அதிகம் இல்லை, ஆனால் பார்ப்பவர்கள் விடாமல் பார்ப்பவர்கள். அநேகமாக வீட்டில் யாராவது பிரான்சில் இருப்பார்கள். பெரியப்பா பையனோ அத்தை மகளோ துலூஸ் பக்கம் வேலைக்குப் போயிருப்பார்கள், அவர்கள் வழியாக இந்த ஆட்டம் முத்தியால்பேட்டை வீட்டு டிவிக்கும் வந்துவிடும். அப்படிப் பார்க்கத் தொடங்கியவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்றுக்குத்தான் இந்தக் கட்டுரை.

2025 மார்ச் 8 அன்று டப்ளினில் அயர்லாந்துக்கு எதிரான பிரான்சின் ஆட்டம். நம் நேரப்படி இரவு எட்டு மணி தாண்டியிருக்கும். தரையில் கிடக்கும் பந்தைச் சுற்றி இரண்டு அணியும் முட்டித் தள்ளிக்கொண்டிருந்தபோது எதிரணி ஆட்களின் எடை முழுவதும் பிரான்சு அணித் தலைவர் அந்துவான் துபோனின் வலது காலின் மேல் விழுந்தது. முதல் பாதியிலேயே அவர் வெளியேறினார். பிரான்சு 42–27 என்று ஜெயித்தது, ஒரு வாரம் கழித்து ஆறு நாடுகள் போட்டியின் கோப்பையும் வாங்கியது, ஆனால் துபோனுக்கு முழங்கால் ஜவ்வு அறுந்துவிட்டது. கோடையில் நியூசிலாந்துப் பயணம் அவர் இல்லாமலே போனது, நவம்பர் ஆட்டங்களும் அப்படியே. “என்னப்பா, முட்டிதானே? எட்டு மாசமாவா சரியாகல?” என்று கேட்டார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், அவர் உடம்பே அப்படித்தான், 2018லும் இதே அயர்லாந்து ஆட்டத்தில்தானே முட்டியை உடைத்துக்கொண்டார், ராசியில்லாத ஆள் என்றார்கள்.

ராசி என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு ரக்பி வீரரின் வாழ்க்கையைக் காயம் எப்படித் தின்கிறது என்பதற்குத் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. ஒரு பெரிய அடி பட்டு அன்றோடு ஆட்டம் முடிந்துபோவது குறைவு. ஒரு காயம் அடுத்த காயத்துக்கு வழி செய்துவிட்டுப் போகும், அது அதற்கடுத்ததற்கு. நடுவில் போகும் மாதங்கள் யாருக்கும் திரும்பக் கிடைப்பதில்லை. இந்தச் சங்கிலி புரிந்துவிட்டால் “அவனுக்கு எப்பப் பாத்தாலும் அடி” என்ற பேச்சு உங்கள் வாயில் வராது.

சரி, ஆட்டத்தையே பார்க்காதவர்களுக்கு முதலில் கொஞ்சம். அணிக்கு 15 பேர், ஆட்டம் 80 நிமிடம். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி ஊன்ற வேண்டும், உதைத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே அனுப்பினாலும் புள்ளி உண்டு, முன்னால் தூக்கிப் போடக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கலாம். பந்து வைத்திருப்பவரைக் கட்டிப்பிடித்துக் கீழே சாய்ப்பது டேக்கிள். நம் கபடியில் ரெய்டரைத் தொடைப் பிடி போட்டு உட்கார வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே ஓடி வருபவர் நூறு கிலோ, பிடிப்பவரும் நூறு கிலோ, இருவருமே முழு வேகத்தில் எதிரெதிராக வருகிறார்கள். கபடியில் ஒரு ரெய்டு முடிந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். ரக்பியில் ஒருவர் விழுந்ததும் அவர் மேலேயே அடுத்த மோதல் தொடங்கிவிடும், அதற்குப் பெயர் ரக். துபோனின் முட்டி போனது அதில்தான்.

1995 ஆகஸ்ட் வரை 15 பேர் ஆடும் இந்த ரக்பிக்குச் சம்பளம் கிடையாது. போலீஸ்காரர், விவசாயி, டாக்டர், ஆசிரியர் எல்லாரும் வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்கள். சம்பளம் வந்த பிறகு நாள் முழுவதும் உடம்பை வளர்ப்பதே வேலையாகிவிட்டது, ஆட்கள் பெரிதானார்கள், வேகமும் கூடியது. தசையைப் பயிற்சியால் பெரிதாக்கலாம். ஆனால் முழங்காலுக்குள் இருக்கும் ஜவ்வையும் கழுத்து எலும்புகளுக்கு நடுவிலிருக்கும் வட்டுகளையும் அதே அளவுக்குப் பலப்படுத்த யாராலும் முடியாது. மோதலின் பலம் வளர்ந்தது, அதைத் தாங்க வேண்டிய மூட்டுகள் பெரும்பாலும் பழைய மூட்டுகள்தான்.

எவ்வளவு அடிபடுகிறது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன், இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். ஒரு அணியின் 15 பேர் ஆடும் 80 நிமிடங்களையும் கூட்டினால் 20 மணி நேரம். தொழில்முறை ஆண்கள் ரக்பி பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2013ல் வெளியான கணக்கு, இப்படிக் கூட்டிய ஒவ்வொரு 1000 மணி நேரத்துக்கும் 81 காயம் என்கிறது. அதாவது ஒரே ஆட்டத்தில் ஒரு அணிக்கு ஒன்றரைக்கும் கொஞ்சம் மேல். காயம் என்று இவர்கள் எண்ணுவது சிராய்ப்பையும் வீக்கத்தையும் அல்ல, ஒரு நாளுக்கு மேல் ஆடவோ பயிற்சி செய்யவோ முடியாமல் செய்ததை மட்டும். ஒவ்வொன்றுக்கும் சராசரி ஓய்வு 20 நாள். இப்போது நீங்களே பெருக்கிப் பாருங்கள், வருடத்துக்கு 30 ஆட்டம் ஆடும் அணிக்கு ஆட்டத்தில் மட்டும் ஐம்பது காயம், ஆயிரம் நாள் ஓய்வு. ஒரு பெரிய கிளப்பின் பயிற்சியாளருக்கு எல்லாரும் நலமாக இருக்கும் வாரம் என்று ஒன்று அமைவது அரிது. அவர் வாரா வாரம் அணி எழுதுவதே இன்று யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான்.

சராசரி என்பது ஏமாற்றும் எண் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான காயங்கள் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும், கொஞ்சம் மட்டும் ஆறு மாதம், எட்டு மாதம், ஒரு வருடம் என்று இழுக்கும். வாழ்க்கையைத் திருப்பிப் போடுவது அந்தக் கொஞ்சம்தான்.

யாருக்கு எங்கே அடிபடும் என்பது பெரும்பாலும் அவர் ஆடும் இடத்தைப் பொறுத்தது. ஸ்க்ரம் என்று எட்டு எட்டுப் பேர் தலையைக் குனிந்து முட்டித் தள்ளும் கட்டம் இருக்கிறது, ஒரு பக்கத்துக்கே முக்கால் டன்னுக்கு மேல் எடை. முன்வரிசை மூவருக்கும் அந்தப் பாரம் கழுத்து, தோள் வழியாகத்தான் போகிறது. கழுத்து நரம்பு ஒரு பக்கம் இழுபட்டால் கை முழுக்கத் தீப்பிடித்தது மாதிரி எரியும், சில நிமிடத்தில் போய்விடும், ஆட்டக்காரர் கையை உதறிக்கொண்டு மறுபடி ஆடுவார். அது அடிக்கடி வர ஆரம்பித்தால்தான் ஆபத்து. ஓரத்தில் வேகமாக ஓடுபவர்களுக்குத் தொடையின் பின்தசை. டேக்கிள் போடுபவர்களுக்குத் தோள்பட்டை இறங்குவது. ஒரு தடவை இறங்கிய தோள் மறுபடி இறங்குவது எவ்வளவு சுலபம் என்று அனுபவப்பட்ட எவரைக் கேட்டாலும் சொல்வார்.

முழங்காலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேள்வி அங்கேதான் தொடங்கியது. தொடை எலும்பையும் கால் எலும்பையும் முழங்காலுக்குள் குறுக்காகக் கட்டிவைத்திருக்கும் இரண்டு நார்களில் முன்னால் இருப்பதை டாக்டர்கள் ஏ.சி.எல் என்பார்கள், நாம் பொதுவாக ஜவ்வு என்போம். பாதம் தரையில் ஊன்றியபடி இருக்க உடம்பு திரும்பினால், அல்லது வேறு யாராவது மேலே விழுந்து முட்டியை உள்பக்கமாகத் தள்ளினால், இது அறும். முழுதாக அறுந்த ஏ.சி.எல் பெரும்பாலும் தானாக ஒட்டாது. தைத்து ஒட்ட வைப்பதும் நிற்பதில்லை என்பதால் அந்த ஆளின் தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு நாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு, பழையது இருந்த இடத்தில் பொருத்துகிறார்கள்.

இங்கேதான் எல்லாரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரத்தில் அந்த ஆள் நடப்பார், மூன்று நான்கு மாதத்தில் நேராக ஓடவும் செய்வார், வீடியோவில் பார்த்தால் ஒன்றுமே ஆகாதவர் போலிருக்கும். ஆனால் உள்ளே வைத்த நார் ரத்த ஓட்டம் இல்லாமல் வந்தது. நட்ட நாற்று பச்சை பிடிப்பதற்கு முன் சில நாள் வெளிறிச் சாய்ந்து நிற்குமே, அதைப் போல அந்த நாரும் முதல் சில வாரங்களில் வைத்த அன்று இருந்ததைவிட பலம் குறைந்துதான் இருக்கும், அப்புறம்தான் புதிய ரத்தக் குழாய்கள் உள்ளே வளர்ந்து மெல்ல ஜவ்வாக மாறும். அதற்கு மாதக் கணக்கில் ஆகும். வலி போய்விட்டது என்பதற்கும் நார் தயார் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஆட்டத்துக்குத் திரும்புபவர்களுக்கு மறுபடி அறும் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டிய பிறகு, பெரிய அணிகளில் அந்த எல்லையை அவ்வளவு எளிதில் தாண்டுவதில்லை. எட்டு மாதமா என்று கேட்டவர்களுக்குப் பதில் இதுதான். எட்டு மாதம் என்பதே அவசரம்.

இன்னொன்றும் நடக்கிறது, இது வெளியே தெரியாது. தொடையின் பின்பக்க நாரை எடுத்துவிட்டால் அந்தத் தசை கொஞ்சம் பலவீனப்படும். அடிபட்ட காலில் தொடை வற்றிப்போகும். தெரியாமலே நல்ல காலுக்கு எடையை மாற்றி ஓடுவார்கள், அந்தக் காலின் கெண்டைச்சதைக்கும் இடுப்புக்கும் பழக்கமில்லாத வேலை. எட்டு மாதம் மோதலே இல்லாமல் இருந்த தோளும் கழுத்தும் முதல் ஆட்டத்திலேயே முழு மோதலைச் சந்திக்கும். முட்டி குணமாகி வந்த ஆளுக்குத் தொடை கிழிவதும், தொடை ஆறி வந்ததும் தோள் போவதும் தற்செயல் இல்லை என்பது இப்போது புரிகிறது அல்லவா? அடுத்த காயம் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல நிபுணர்கள் முதலில் பார்ப்பதே, ஏற்கனவே யாருக்குக் காயம் பட்டிருக்கிறது என்பதைத்தான்.

இதற்கு ஜானி வில்கின்சனைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2003 நவம்பர் 22, சிட்னி, உலகக் கோப்பை இறுதி ஆட்டம், கூடுதல் நேரமும் முடிய அரை நிமிடம்கூட இல்லை, தனக்குப் பழக்கமில்லாத வலது காலால் பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினார், இங்கிலாந்து 20–17 என்று ஆஸ்திரேலியாவை வென்றது. அப்போது அவருக்கு வயது 24. உலகத்திலேயே பெயர் தெரிந்த ரக்பி வீரர் யார் என்றால் அவர்தான். அதற்குப் பிறகு இங்கிலாந்து சட்டையை அவர் மறுபடி போட்டது 1169 நாள் கழித்து.

அந்த நாட்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2004 தொடக்கத்தில் கழுத்தில் அறுவை சிகிச்சை. அது ஆறி வந்ததும் மேற்கையில் ரத்தம் கட்டியது. 2005 ஜனவரியில் இடது முழங்கால் பக்க ஜவ்வு, திரும்பி வந்த மார்ச்சிலேயே அதே முட்டி மறுபடி. அப்புறம் குடல்வால் அறுவை, அடிவயிறு, தொடை இடுக்கு. 2006 செப்டம்பரில் இந்த முறை வலது முழங்கால், நவம்பரில் சிறுநீரகத்தில் கிழிசல். குடல்வாலை யாரும் ரக்பி மேல் சுமத்த முடியாது. ஆனால் மற்றவற்றைக் கவனியுங்கள், ஒவ்வொரு முறையும் அவர் ஓரளவு தயாரான உடம்போடு முழு மோதலுக்குள் வந்தார், வந்த கொஞ்ச நாளில் அடுத்தது. அவர் டேக்கிள் போடுவதில் பின்வாங்காதவர். அவருடைய இடத்தில் ஆடும் பலர் கொஞ்சம் ஒதுங்கி நிற்பார்கள், அவர் நேராகப் போய் முட்டுவார். அதற்காகத்தான் அவரைப் பிடித்தது, அதற்கான விலையும் அவருடைய உடம்பிலிருந்தே போனது.

2007 பிப்ரவரியில் ட்விக்கன்ஹாமில் ஸ்காட்லாந்துக்கு எதிராகத் திரும்பி வந்து ஒரே ஆட்டத்தில் 27 புள்ளி எடுத்தார். அந்த இரண்டு நாடுகளும் மோதும் கோப்பையின் பெயர் கல்கத்தா கோப்பை, 1870களில் கலைந்துபோன கல்கத்தா ரக்பி கிளப்பின் வங்கிக் கணக்கில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது. நம் ரூபாய்தான் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

வில்கின்சனின் கதை அதோடு நல்லபடி ஆகிவிடவில்லை, 2008ல் முட்டிச் சில்லு விலகியது. 2009ல் இங்கிலாந்து கிளப்பை விட்டுப் பிரான்சின் தென்கோடித் துறைமுக நகரமான தூலோனுக்குப் போனார். 30 வயது, காயப் பட்டியல் ஒரு பக்கம். அங்கேதான் ஆச்சரியம். 2013லும் 2014லும் ஐரோப்பியக் கோப்பை, 2014 மே 31 அன்று தன் கடைசி ஆட்டத்தில் காஸ்த்ரை வென்று பிரெஞ்சு லீக் பட்டம். 35 வயதில், மைதானத்தில் நின்றபடி விடைபெற்றார். இடைப்பட்ட வருடங்களில் தான் பட்ட மனக்கலக்கத்தையும் பதற்றத்தையும் பின்னாளில் அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். உடம்பு ஆறும் மாதங்களில் மனம் என்ன செய்கிறது என்பதைப் பற்றி ரக்பிக்காரர்கள் வாய் திறக்கத் தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். அணி வெளியூர் போகும், நீங்கள் மட்டும் காலியான ஜிம்மில் ஒரு காலைத் தூக்கி இறக்கிக்கொண்டிருப்பீர்கள். அதுவும் வேலைதான், ஆனால் கைதட்ட யாரும் இருக்க மாட்டார்கள்.

பணம் எப்படி என்று கேட்பீர்கள். ரக்பி வீரர்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடத்துக்கு. பிரான்சில் வீரர் கிளப்பின் ஊழியர், ஆட்டத்தில் பட்ட காயம் வேலையில் நடந்த விபத்தாகவே கணக்காகும், ஆகவே சிகிச்சைச் செலவும் வருமானமும் உடனே நின்றுவிடுவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருவர் பல மாதம் ஆட முடியாது என்றால் கிளப் அவருக்குப் பதிலாகப் பருவத்தின் நடுவிலேயே வேறொருவரை எடுக்க விதி இடம் தருகிறது. பிரெஞ்சு ரக்பியில் இப்படி வருபவரை ஜோக்கர் மெடிக்கல் என்பார்கள். தற்காலிகம் என்றுதான் வருவார். நன்றாக ஆடிவிட்டால் அடுத்த வருட ஒப்பந்தம் அவருக்கு. காயம்பட்டவரின் ஒப்பந்தம் அந்த வருடமே முடிகிறது என்றால் அவர் குணமாகும்போது போக கிளப் இருக்காது. எத்தனையோ பேர் அரைகுறை முட்டியோடு அவசரமாகத் திரும்பி வருவது இந்தப் பயத்தில்தான். சங்கிலியின் அடுத்த கண்ணி அங்கேயே விழுந்துவிடுகிறது.

டேன் கார்ட்டரையும் சொல்லாமல் விட மனமில்லை. நியூசிலாந்துக்காரர், 2008 கடைசியில் பெரும் எதிர்பார்ப்போடு பிரான்சின் பெர்பினியான் அணிக்கு வந்தார், ஐந்தே ஆட்டம், குதிகால் நார் அறுந்து பருவம் முடிந்தது. 2011 உலகக் கோப்பை சொந்த ஊரில் நடந்தது, உதைக்கும் பயிற்சியின்போது தொடை இடுக்கு நார் கிழிந்து வெளியேறினார், இறுதி ஆட்டத்தில் அவர் அணி பிரான்சை 8–7 என்று வென்றதைப் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் முடிந்தது. 2015ல், 33 வயதில், இறுதி ஆட்டத்தில் 19 புள்ளி எடுத்து ஆட்ட நாயகனானார். இரண்டுமே நார்க் காயங்கள். இப்படிப்பட்ட காயங்கள் நேரம் கொடுத்தால் ஆறும், திறமை கால்களைவிட அதிகமாகத் தலையில் இருப்பவர்களுக்குத் திரும்பி வர வழி இருக்கிறது.

எல்லாருக்கும் அந்த வழி இல்லை. வேல்ஸ் நாட்டின் சாம் வார்பர்ட்டன் விழுந்துகிடக்கும் எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பதில் கைதேர்ந்தவர். அந்த வேலையைச் செய்ய வேண்டுமானால் கால்களை அகட்டி, இடுப்பை வளைத்து, தலையும் கழுத்தும் முன்னால் நீட்டியபடி பந்தின் மேல் குனிந்து நிற்க வேண்டும், அந்த நிலையில் நூறு கிலோ ஆட்கள் ஓடி வந்து உங்களை இடித்துத் தள்ளுவார்கள், விதிப்படியே. பிரிட்டன், அயர்லாந்து கூட்டணியான லயன்ஸ் அணிக்கு 2013லும் 2017லும் தலைவர். 2017 பயணத்துக்குப் பின் கழுத்திலும் முட்டியிலும் அறுவை சிகிச்சை, அடுத்த பருவம் முழுக்க ஆடவில்லை, பயிற்சிக்குத் திரும்பிப் பார்த்தார், உடம்பு கேட்கவில்லை. 2018 ஜூலையில் ஓய்வு அறிவித்தார், வயது 29. அவர் தோற்றுப்போனதாக நான் நினைக்கவில்லை. 29 வயதில், இன்னும் பத்துப் பேர் சம்பளம் தரத் தயாராக இருக்கும்போது, போதும் என்று சொல்வதற்குக் களத்தில் காட்டியதைவிட அதிகத் துணிச்சல் வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் கை, கால், கழுத்து. தலை தனி. இங்கிலாந்தின் உயர்நிலை லீக்கில் ஆட்டத்தில் அதிகம் பதிவாகும் காயம் பல வருடமாகவே தலையில் அடிபட்டு மூளை அதிர்வதுதான். எக்ஸ்ரே, ஸ்கேன் எதிலும் பெரும்பாலும் தெரியாது, ஆளும் பார்க்க நன்றாகவே இருப்பார், நான் நல்லாத்தான் இருக்கேன் என்று சத்தியமும் செய்வார். ஆகவே இப்போது அவரைக் கேட்பதில்லை. நினைவு தப்பினாலோ கால் தள்ளாடினாலோ அன்றைய ஆட்டம் அவ்வளவுதான். சந்தேகம் மட்டும் என்றால் உள்ளே அழைத்துப்போய்ப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நினைவு, சமநிலை எல்லாம் சோதிப்பார்கள், அதுவரை வேறொருவர் ஆடுவார். டிவியில் ஒருவர் வெளியே போய்த் திரும்பி வருவதைப் பார்த்துக் குழம்பியிருந்தால் காரணம் இதுதான். மூளை அதிர்வு உறுதியானால் பெரும்பாலான தொழில்முறை வீரர்கள் குறைந்தது 12 நாள் ஆடக் கூடாது என்று 2022ல் விதி வந்தது. ஊர் அளவில் ஆடுபவர்களுக்கு அது குறைந்தது 21 நாள், ஏனென்றால் அவர்களை தினமும் பார்க்க டாக்டர் இல்லை. 2024 தொடக்கத்திலிருந்து உயர்நிலைப் போட்டிகளில் பல்லில் மாட்டும் காப்புக்குள்ளேயே அதிர்ச்சியை அளக்கும் கருவி வைத்துவிட்டார்கள். 2018ல் இளம் வீரர்கள் சிலர் இறந்த பிறகு பிரான்சில் அமெச்சூர் ஆட்டங்களில் இடுப்புக்கு மேல் டேக்கிள் போடவே தடை.

இதெல்லாம் தாமதமாகவே வந்தது. 2003ல் வில்கின்சனோடு அதே இறுதி ஆட்டத்தில் முன்வரிசையில் முட்டித் தள்ளியவர் ஸ்டீவ் தாம்சன். நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மறதி நோய் என்று கண்டுபிடித்தார்கள். உலகக் கோப்பையை வென்றது தனக்கு நினைவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். முன்னாள் வீரர்கள் நிறையப் பேர் ரக்பி நிர்வாக அமைப்புகள் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். இன்னொரு விஷயமும் இந்தச் சங்கிலியில் சேர்கிறது, மூளை அதிர்ந்து திரும்பி வந்தவர்களுக்கு அதன்பின் கால், முட்டி, தோள் காயங்களும் வழக்கத்தைவிட அதிகமாக வருகின்றன என்று ஆய்வுகளில் தெரிந்தது. எதிரே வருபவரைக் கணிப்பதில் ஒரு கணம் தாமதமானாலும் தப்பான கோணத்தில் மோதுவோம், அதுதான் காரணமாக இருக்கும் என்பது பலருடைய எண்ணம்.

இவ்வளவு நேரம் பிரான்சு, இங்கிலாந்து என்று சொல்லிவிட்டு நம் ஊரைச் சொல்லாமல் நிறுத்த எனக்கு விருப்பமில்லை. ரக்பி நமக்கு இப்போதுதான் பக்கத்தில் வந்திருக்கிறது, 2025ல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கை சென்னை புல்ஸ் வென்றது, அது ஏழு பேர் ஆடும் சின்ன வடிவம். ஆனால் இதே காயங்களை நாம் காலங்காலமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பாகூர், நெட்டப்பாக்கம், குறிஞ்சிப்பாடி பக்கம் பொங்கல் சமயத்தில் விளக்குப் போட்டு ராத்திரி முழுக்கக் கபடி நடக்கும், விடிவதற்குள் யாராவது ஒரு பையன் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு ஒப்பந்தம் இல்லை, பிசியோ இல்லை, வேலையில் நடந்த விபத்து என்று எழுத யாரும் இல்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸோ ரயில்வேயோ கிடைக்கும் என்ற ஒரே நம்பிக்கையில் ஆடுகிறான், அதற்கு வயது வரம்பும் இருக்கிறது. ஒன்பது மாதம் என்பது அவனுக்குத் துபோனுக்கு இருப்பதைவிட நீண்ட காலம்.

அதனால் கொஞ்சம் நேரடியாகவே சொல்கிறேன். ஆட்டத்தில் முட்டிக்குள் ‘டப்’ என்று சத்தம் கேட்டு, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முட்டி பந்து மாதிரி வீங்கினால் அது பெரும்பாலும் சுளுக்கு இல்லை, உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, ஜவ்வு போயிருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம் இல்லை, ஜவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது. எலும்பு மூட்டு டாக்டர் கையால் அசைத்துப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார், எம்.ஆர்.ஐ அதை உறுதி செய்யும். இறுக்கிக் கட்டுப் போட்டுக்கொண்டு அசையாமல் படுத்தால் வீக்கம் வேண்டுமானால் வற்றும், தொடையும் சேர்ந்து வற்றும். மூன்று வாரத்தில் வலி போனதும் மறுபடி களத்தில் இறங்கி, திரும்பும்போதெல்லாம் முட்டி நழுவ நழுவ ஆடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு நழுவலும் உள்ளே இருக்கும் மெத்தைக் குருத்தெலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிக்கிறது, ஜவ்வையாவது மாற்றி வைக்கலாம், குருத்தெலும்பு போனால் போனதுதான்.

தலை என்றால் இன்னும் கண்டிப்பு. அடிபட்ட ஆள் அன்று மறுபடி ஆடக் கூடாது, அது இறுதி ஆட்டமாக இருந்தாலும் சரி. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், குழறும் பேச்சு, இவற்றில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரி.

முட்டிக்கு எல்லாருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படாது, தேவைப்படுபவர்களுக்கும் பணம், வரிசை என்று தள்ளிப்போகும். அந்தக் காத்திருப்பு வீணாக வேண்டியதில்லை. வீக்கம் அடங்கியதும் டாக்டரிடமோ பிசியோவிடமோ கேட்டுத் தொடைப் பயிற்சியைத் தொடங்கிவிடலாம், நல்ல தொடையோடு அறுவை சிகிச்சை மேசைக்குப் போகிறவர்கள் அப்புறம் நன்றாகவே தேறுகிறார்கள். திரும்பி ஆடலாமா என்று பார்க்கப் பெரிய கிளப்புகள் செய்யும் சோதனை ஒன்றுக்குச் செலவே இல்லை. ஒன்பது மாதம் ஆகியிருக்க வேண்டும், அதற்கு மேல் ஒற்றைக் காலில் நின்று எவ்வளவு தூரம் தாவ முடிகிறது என்று இரண்டு காலிலும் அளந்து பார்க்க வேண்டும். அடிபட்ட கால் நல்ல காலின் தூரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறாவது எட்ட வேண்டும், அதுவும் இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்காமல். எட்டவில்லை என்றால் இன்னும் ஒரு மாதம் பயிற்சி, பிறகு மறுபடி அளக்க வேண்டும்.